அளுவிகாரைக்கு ஒரு நாள்: பழைய குகை, புதுச் சாயம், ஓலை, பத்திக் – முழுமையான வழிகாட்டி

கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ தம்புள்ளைக்கோ திருகோணமலைக்கோ பஸ் ஏறியவர்களுக்கு இந்த இடம் கண்ணில் பட்டிருக்கும். மாத்தளை டவுனைத் தாண்டி ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் வடக்கே, வீதியை ஒட்டியே, பெரிய பெரிய பாறைகளும் அவற்றின் இடுக்கில் வெள்ளைச் சுவர்களும் தெரியும். அதுதான் அளுவிகாரை என்ற பௌத்தக் குகை விகாரை. நம்மவர்களில் நிறையப் பேர் அதை பஸ் ஜன்னலால் பார்த்ததோடு சரி, இறங்கிப் போனதில்லை. போன சிலரும், "பழைய இடம் என்றார்கள், உள்ளே எல்லாம் புதுசாக சீமெந்துச் சிலை வைத்துச் சாயம் பூசியிருக்கிறார்கள்" என்று சலித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள்.

அந்தப் புதுச் சாயத்தைப் பார்க்கத்தான் போக வேண்டும் என்கிறேன் நான். இரண்டாயிரம் வருடப் பழைய குகை, கண்டி பாணியில் தாமரை வரைந்த விதானம், நேற்றைய தலைமுறை செய்த நரகக் காட்சிகள், இன்றைக்கும் எழுத்தாணியால் கீறப்படும் ஓலை, கொஞ்சத் தூரத்தில் இதே ஊர்ப் பெண்கள் மெழுகும் சாயமும் கொண்டு செய்யும் பத்திக் துணி என்று இத்தனையும் நடந்து போகிற தூரத்துக்குள் இருக்கிற இடம் மலையகத்தில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. எப்படிப் போவது, என்ன உடுத்துவது, உள்ளே எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

போவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய கதை

புத்தருடைய போதனைகள் பல நூறு வருடங்களாக எழுத்தில் இல்லை. பிக்குமார் பகுதி பகுதியாக மனப்பாடம் செய்து, வாய்மொழியாகவே அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா என்று மக்கள் சொல்லும் வட்டகாமணி அபயனின் காலத்தில், அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தலைவர்கள் ஐவர் ஒருவர்பின் ஒருவராக 14 வருடங்கள் அனுராதபுரத்தை ஆண்டார்கள். அரசன் காடுகளில் ஒளிந்து திரிந்தான். கூடவே கொடிய பஞ்சம் வேறு. மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் சாகச் சாக, அவர்களோடு போதனையும் போய்விடும் என்ற பயம் வந்தது. அந்தப் பயத்தில்தான் திரிபிடகம் என்ற அந்தப் போதனைத் தொகுப்பையும் அதன் உரைகளையும் முதன்முதலாக ஏட்டில் எழுதினார்கள். எழுதிய செய்தி பழைய பாளி வரலாற்று நூல்களான தீபவம்சத்திலும் மகாவம்சத்திலும் இருக்கிறது. எழுதிய இடம் மாத்தளை அளுவிகாரை என்பது பின்னால் வந்த நூல்களும் மரபும் சொல்வது.

உலகத்தில் எங்கே பாளித் திரிபிடகத்தைத் திறந்து படித்தாலும் அதன் எழுத்து வரலாறு இந்தப் பாறைகளுக்குத்தான் வந்து சேர்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் இடம் வேறு மாதிரித் தெரியும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1848இல் மாத்தளையில் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்க வந்த படை இந்த விகாரையையும் விட்டுவைக்கவில்லை, இங்கிருந்த ஏட்டுச் சுவடிகள் அழிந்தன. ஆகவே நீங்கள் பார்க்கப் போவதில் பெரும்பகுதி, அழிந்த பிறகு மறுபடி எழுந்தது. "ஏன் எல்லாம் புதுசாக இருக்கிறது" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

நமக்கென்று இந்தப் பாதையோடு ஒரு தொடர்பும் உண்டு. கோப்பித் தோட்டக் காலத்தில் மலையகத் தமிழரான நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்குத்தான் வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 2023இல் மலையக மக்களின் 200 வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்களே, அந்தக் கால் நடந்த திசையில்தான் இந்த விகாரையும் இருக்கிறது. பன்சலை (பௌத்த விகாரை) என்றால் நமக்குச் சம்பந்தமில்லாத இடம் என்று நினைப்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

எந்த நாளில், எப்படி

சாயத்தையும் சிலைகளையும் ஆற அமரப் பார்க்க வேண்டுமென்றால் சாதாரண வாரநாள் காலை நல்லது. மக்கள் வழிபடுவதையும் சேர்த்துப் பார்க்க ஆசையென்றால் போயா (முழுநிலா) தினத்தில் போங்கள். வெள்ளை உடுத்திச் சில் (விரதம்) எடுத்தவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள், பூத்தட்டோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஆனால் போயாவில் குகைக்குள் நின்று நிதானமாக விதானத்தைப் பார்க்க இடம் கிடைக்காது. வெசாக் காலத்தில் மாத்தளைப் பக்கம் வந்தால் வெசாக் கூடுகளும், மின்விளக்குத் தோரணங்களில் வரைந்த ஜாதகக் கதைகளும் (புத்தரின் முற்பிறவிக் கதைகள்) கூடுதல் வரவு. அதுவும் இன்றைய ஓவியம்தான், வருடா வருடம் புதிதாக வரைகிறார்கள்.

ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் முதலில் கண்டிக்கு வந்து சேருங்கள். கண்டியிலிருந்து மாத்தளை 26 கிலோமீற்றர் அளவில். மாத்தளை பஸ்ஸில் வந்து டவுனில் ஆட்டோ பிடிக்கலாம், இல்லையென்றால் தம்புள்ளை, யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறி "அளுவிகாரை" என்று கொண்டக்டரிடம் சொன்னால் வாசலிலேயே இறக்கிவிடுவார். ரயிலில் போக விருப்பமென்றால் கண்டி – மாத்தளை கிளைப் பாதை இருக்கிறது. 1880இல் போட்ட பாதை, மாத்தளையோடு முடிகிறது. ஓடும் ரயில்கள் குறைவு, நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மழை நாட்களில் மலைப் பாதைகளில் மண்சரிவு இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டே வெளிக்கிடுங்கள்.

மாத்தளை தாழ்வான ஊர், கடல் மட்டத்திலிருந்து 360 மீற்றர் அளவுதான். நுவரெலியாக் குளிருக்குப் போட்ட சுவெட்டரோடு வந்தால் வேர்த்து ஊற்றும். காலை எட்டு, எட்டரைக்கெல்லாம் விகாரையில் நிற்கப் பாருங்கள். பத்து மணிக்குப் பிறகு பாறை கொதிக்க ஆரம்பிக்கும், அதில் வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

உடுப்பும் கைப்பொருளும்

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும் இதே விதிதான். வெள்ளை கட்டாயமில்லை, வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. தொப்பியையும் செருப்பையும் வாசலில் கழற்றிவிட வேண்டும். கால் சுடும் என்று பயந்தால் பழைய சொக்ஸ் ஒரு சோடி கொண்டுபோங்கள். புத்தர் படம் போட்ட சேட்டு, பை எதுவும் வேண்டாம், இந்த நாட்டில் அது விளையாட்டல்ல. 2014இல் கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவரைப் பிடித்துத் திருப்பியனுப்பினார்கள். அதேபோல் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்பி எடுக்கக் கூடாது. சிலையைத் தனியாகப் படம் எடுப்பது வேறு, நீங்கள் அதற்கு முன்னால் முதுகு காட்டி நிற்பது வேறு. குகைக்குள் பிளாஷ் போடாதீர்கள், சாயத்துக்கும் கெடுதல், கும்பிடுபவர்களுக்கும் இடைஞ்சல். அனுமதி கேட்கச் சிங்களத்தில் "போட்டோ கன்ன புளுவன்த?" என்றால் போதும், தலையாட்டுவார்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: தண்ணீர், சில்லறைக் காசு (உண்டியலுக்கும் ஓலை எழுதுபவருக்கும்), ஒரு சின்ன டோர்ச். டோர்ச்சை நான் அழுத்திச் சொல்கிறேன். ஏன் என்று கீழே வரும்.

உள்ளே நுழைந்ததும்

நம் கோயில் பழக்கத்தோடு போகிறவர்களுக்குச் சில வித்தியாசங்கள் சொல்ல வேண்டும். இங்கே அர்ச்சனை இல்லை, தேங்காய் உடைப்பதில்லை, பிரசாதம் கேட்டு நிற்க வேண்டியதில்லை. பூ, ஊதுபத்தி, எண்ணெய் விளக்கு மூன்றும்தான் காணிக்கை. பூவை முகர்ந்து பார்த்துவிட்டு வைக்கக் கூடாது என்பது நம்மிடமும் உள்ளதுதான். வைத்த பூவைத் திருப்பி எடுப்பதில்லை. தாகபையையும் (தூபி) அரசமரத்தையும் வலமாகச் சுற்ற வேண்டும். ஹாமுதுருவை (பிக்குவை) கண்டால் கைகூப்புங்கள். ஏதாவது கொடுப்பதென்றால் இரண்டு கையாலும் கொடுங்கள், பெண்கள் அவரைத் தொட்டுவிடாமல் கவனமாகக் கொடுக்க வேண்டும். அவர் உட்கார்ந்திருந்தால் அவரைவிட உயரமான இடத்தில் நாம் உட்காரக் கூடாது.

கும்பிட வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். யாரும் வற்புறுத்துவதில்லை. மரியாதையாக நின்று பார்த்தாலே போதும்.

முதல் குகை: நிமிர்ந்து பாருங்கள்

முதலில் வரும் குகையில் ஏறக்குறைய பத்து மீற்றர் நீளத்தில் சயனப் புத்தர். எல்லோரும் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் கால்மாட்டுக்குப் போய் நின்று பெருவிரல்கள் இரண்டையும் பாருங்கள். இலங்கையின் சயனச் சிலைகளில், இரண்டு பாதமும் ஒரே நேராக இருந்தால் புத்தர் ஓய்வாகப் படுத்திருக்கிறார், மேல் பாதம் கொஞ்சம் பின்வாங்கியிருந்தால் அது பரிநிர்வாணம், அதாவது அவருடைய இறுதி மறைவு, என்பது வழக்கு. இங்கே பழகிக்கொண்டால் பிறகு எந்த விகாரைக்குப் போனாலும் கண் தானாக அங்கே போகும்.

அடுத்தது விதானம். இங்கேதான் டோர்ச்சை எடுக்க வேண்டும். நேராக மேலே அடிக்காமல், சாய்வாக, பாறையின் மேடு பள்ளத்தோடு ஒளி ஓடும்படி பிடியுங்கள். தட்டையான சீலிங்கில் வரைந்ததுபோல் தூரத்தில் தெரிந்த தாமரைகள், பக்கத்தில் பார்த்தால் பாறை எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து போகும். வரைந்தவன் பாறையைச் செதுக்கிச் சமப்படுத்தவில்லை, பாறை போன போக்கிலேயே பூவை விரித்திருக்கிறான். இடைவெளியே விடாமல் நிரப்புவது கண்டி பாணியின் குணம். ஆள் இல்லாத இடத்தில் பூ, பூ இல்லாத இடத்தில் இலை.

இந்தப் பாணியின் நிறங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பார்ப்பதற்கு இன்னும் சுவை கூடும். சிவப்புக்கு சாதிலிங்கம், வெள்ளைக்கு மலைநாட்டு வெண்களிமண், கறுப்புக்கு விளக்குக் கரி, மஞ்சளுக்கு மரப்பிசின். அதனால்தான் பழைய கண்டிச் சுவர்களில் சிவப்பும் மஞ்சளும் தூக்கலாகவும் நீலம் அரிதாகவும் இருக்கும். நீலமும் பச்சையும் பளபளவென்று தெரிகிற இடத்தைக் கண்டால், அது கடையில் வாங்கிய சாயம் வந்த பிறகு வரைந்தது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டே எந்த விகாரையிலும் எது முந்தியது, எது பிந்தியது என்று ஓரளவுக்குப் பிரித்துவிடலாம்.

சிலைக்குக் கண் வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் கோயில்களில் கண் திறப்பு நடப்பதுபோல் இங்கே நேத்ர மங்கல்யம் என்று ஒரு சடங்கு உண்டு. எல்லா வேலையும் முடிந்த பிறகு, நல்ல நேரம் பார்த்து, கலைஞன் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணாடியில் பார்த்தபடி கண்மணியைத் தீட்டுவான். திறந்த கண்ணின் முதல் பார்வை நேரே மனிதன்மேல் விழக் கூடாது என்பது நம்பிக்கை. சீமெந்தில் செய்த சிலைக்கும் இந்தச் சடங்கு உண்டு. செய்யும் பொருள் மாறியிருக்கிறது, முறை மாறவில்லை.

நரகக் குகை: இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

அளுவிகாரையில் அதிகம் பேசப்படுவதும் அதிகம் பழிக்கப்படுவதும் இந்தக் குகைதான். உள்ளே நரகத்தின் காட்சிகள், சுவரில் ஓவியமாகவும் முன்னால் சிலைகளாகவும். யமகிங்கரர் மாதிரியான உருவங்கள் பாவிகளை வதைக்கின்றன. பிறன்மனை நயந்தவனின் மண்டையைப் பிளந்து இரண்டு பேர் மூளையை அகப்பையால் அள்ளுகிற காட்சி ஒன்று இருக்கிறது, ஒருமுறை பார்த்தால் மறக்காது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்றால் முதலில் நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ராத்திரி பயந்து அழும் வயது என்றால் வெளியே ஒருவரோடு விட்டுவிடுவது நல்லது.

இது கலைதானா, பொம்மைக் கடையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கும் ஒரே பார்வையில் விளங்க வேண்டும் என்பதற்காகச் செய்தது இது. ஒரு காட்சியின் முன்னால் நின்று மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, வதைபடுகிறவனின் முகம். பழைய கண்டி ஓவியத்தில் சாகிறவன் முகத்திலும் பெரிதாக உணர்ச்சி இருக்காது, எல்லா முகமும் ஒரே அமைதி. இங்கே வாய் கோணியிருக்கிறது, கண் பிதுங்கியிருக்கிறது. போட்டோவும் அச்சுப் படமும் சினிமாவும் பார்த்துப் பழகிய ஒரு தலைமுறையின் கை இது. இரண்டாவது, சுவரோவியமும் சிலையும் சேர்கிற இடம். பின்னால் தட்டையாக வரைந்த நெருப்பு, முன்னால் உருண்டு திரண்ட உடம்பு. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து நின்றால் இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தெரியும். மூன்றாவது, சாயம் உரிந்த இடங்கள். அங்கே அடியில் இன்னொரு நிறம் எட்டிப் பார்த்தால், இது ஒருமுறை பூசி விட்டுவிட்ட வேலையல்ல, திரும்பத் திரும்பப் பூசப்படுகிறது என்று புரியும்.

இப்போது என் பிரதான வாதத்துக்கு வருகிறேன். புதிதாகப் பூசுவது மரபைக் கெடுப்பது என்று நாம் நினைப்பது, அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பொருளைப் பார்த்துப் பழகியதால் வந்த பழக்கம். வழிபாடு நடக்கிற இடத்தில் புதுப்பிப்பதுதான் மரபு. நம் கோபுரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்துக்காகச் சாரம் கட்டி, உடைந்த சுதைச் சிற்பத்தைச் சரிசெய்து, எல்லாவற்றுக்கும் புதுச் சாயம் பூசுகிறோம், யாரும் அதைக் குறை சொல்வதில்லை. தம்புள்ளைக் குகைகளில் இன்றைக்கு உலகமே வியக்கிற ஓவியங்களில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் மறுபடி வரைந்தவை, அதற்கு முன்னாலும் அங்கே ஓவியம் இருந்தது. அந்த அரசன் மதுரை நாயக்கர் வழியில் வந்தவன், 1747இலிருந்து 1782 வரை கண்டியை ஆண்டவன், 1753இல் சியாமிலிருந்து பிக்குமாரை வரவழைத்து இங்கே உபசம்பதாவை (பிக்குமாரின் உயர் துறவுச் சடங்கு) மீட்டவன். அன்றைக்கு அவன் காலத்து ஓவியமும் புதுச் சாயம்தான்.

எல்லாப் புதுப்பிப்பும் நல்லது என்று நான் சொல்லவில்லை. பழைய கண்டிச் சுவர்மேல் யோசிக்காமல் எனாமல் அடித்து மூடிய இடங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆனால் எது அக்கறையோடு செய்தது, எது அவசரத்தில் செய்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால், நின்று பார்க்க வேண்டும். வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டவனால் அதைச் சொல்ல முடியாது.

மேலே ஏறுதல்: புத்தகோசரும் உச்சியும்

பாறைப் படிகளில் ஏறினால் புத்தகோசருக்கு அர்ப்பணித்த குகை வரும். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்து பாளியில் பெரிய உரைகளை எழுதியவர். அவர் வேலை செய்தது அனுராதபுரத்து மகாவிகாரையில். இங்கே தங்கினார் என்பது மரபுக் கதை, சான்று இல்லை. ஆனாலும் அவர் ஓலையில் எழுதுகிற காட்சிகளைச் சுவரில் அழகாக வரைந்திருக்கிறார்கள். அவர் தன் உரைகளின் முடிவில் காஞ்சிபுரத்தில் தங்கியதையும், அங்கே ஒரு தேரர் எழுதச் சொல்லிக் கேட்டதையும் குறிப்பிடுகிறார். காஞ்சியும் காவிரிப்பூம்பட்டினமும் பௌத்தம் செழித்த ஊர்களாக இருந்த காலம் அது. தமிழ் வாசகர்கள் இந்தக் குகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கலாம்.

அதற்கு மேலே உச்சியில் தாகபையும் மாத்தளைப் பள்ளத்தாக்கும். படி செங்குத்து, மழை பெய்திருந்தால் வழுக்கும், முழங்கால் நோ உள்ளவர்கள் கீழேயே இருக்கலாம்.

ஓலை எழுதும் இடம்

இதைத் தவறவிட்டால் வந்ததில் பாதி வீண். 1848இல் அழிந்த சுவடிகளுக்குப் பதிலாகத் திரிபிடகத்தை மறுபடி ஓலையில் எழுதும் வேலை இங்கே தொடங்கியது. அந்தக் கைத்தொழில் இன்றும் உயிரோடு இருக்கிறது, சின்னக் காணிக்கைக்கு எழுதிக் காட்டுவார்கள்.

இங்கே பாவிக்கும் ஓலை யாழ்ப்பாணத்துப் பனையோலை அல்ல, தாளிப்பனை ஓலை. அதன் குருத்தை எடுத்து, ஈர்க்கை நீக்கி, அவித்து, காயவைத்து, மரத்தில் இழுத்து இழுத்து மழமழப்பாக்குவார்கள். எழுதுகிறவர் ஓலையை இடது கையில் பிடித்து, இடது கட்டைவிரல் நகத்தின் பக்கத்தில் எழுத்தாணியைச் சாய்த்துக்கொள்வார். ஆணி பெரிதாக நகராது, ஓலைதான் நகரும். எழுதி முடித்ததும் ஓலையைப் பார்த்தால் எதுவுமே தெரியாது, வெறும் கீறல். கரிப்பொடி கலந்த எண்ணெயை மேலே தேய்த்து, பிறகு மாவு போட்டுத் துடைப்பார்கள். மேலே இருந்த கறுப்பு எல்லாம் போய், கீறலுக்குள் புகுந்த கறுப்பு மட்டும் நிற்கும். அப்போதுதான் எழுத்து வெளியே வரும். சிங்கள எழுத்து ஏன் அப்படி வட்டம் வட்டமாக இருக்கிறது என்று கேட்டால் இந்த ஓலையைத்தான் காட்டுவார்கள், நரம்பு போகிற திசையில் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழிந்துவிடும்.

உங்கள் பெயரை எழுதித் தரச் சொல்லலாம். காசைப் பேரம் பேசாமல், மனதார ஒரு தொகை கொடுங்கள். இந்தக் கையெழுத்து அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டுமென்றால் அதில் சோறு இருக்க வேண்டும்.

பக்கத்திலே பத்திக்: ஈனா த சில்வாவின் கைவினை நிலையம்

விகாரையோடு முடித்துக்கொள்ளாதீர்கள். இதே அளுவிகாரை ஊரில் ஈனா த சில்வா (1922–2015) வளர்த்த கைவினை நிலையம் இருக்கிறது. இந்த ஊர்க் குடும்பத்தில் பிறந்தவர், கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவோடு சேர்ந்து வேலை செய்தவர். பாவா கட்டிய பெந்தோட்டை ஹோட்டலின் பத்திக் விதானமும், கோட்டேயில் 1982இல் திறந்த பாராளுமன்றத்துக்கான பத்திக் கொடித்துணிகளும் இவருடைய கைவண்ணம். ஊர்ப் பெண்களுக்குப் பத்திக்கும் தையல் வேலையும், ஆண்களுக்கு மரவேலையும் பித்தளை வேலையும் கிடைக்கும்படி இந்த இடத்தை நடத்தினார். போவதற்கு முன்னால் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

இங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: காலையில் குகை விதானத்தில் பார்த்த தாமரை துணியில் என்ன ஆகியிருக்கிறது என்று தேடுங்கள். பத்திக்கில் துணியில் கோலத்தை வரைந்து, நிறம் ஏறக் கூடாத இடத்தில் உருக்கிய மெழுகைப் பூசி, சாயத்தில் முக்குவார்கள், அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு, மறுபடி சாயம், கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுப்பார்கள். துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் பூவிதழுக்குள்ளே மயிரிழை போல நிறக் கோடுகள் ஓடும். மெழுகு வெடித்த இடத்தில் சாயம் புகுந்த கோடு அது. இயந்திரத்தில் அச்சடித்ததா, கையால் செய்ததா என்று அறிய துணியைத் திருப்பிப் பாருங்கள், கைவேலையில் இரண்டு பக்கமும் நிறம் ஒரே அளவில் ஏறியிருக்கும்.

கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மலைநாட்டு ஊர்களில் திரிந்து, கண்டிக் கைவினைஞர்களின் வேலையையும் கருவியையும் ஒவ்வொன்றாகக் குறித்து 1908இல் பெரிய நூலாக வெளியிட்டார். ஆதரிப்பார் இல்லாமல் இந்தக் கலைகள் அழிகின்றன என்று அவர் அன்றைக்கே நொந்து எழுதினார். அந்தக் கவலையோடு பார்க்கும்போது, இங்கே மெழுகுச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் செய்வது சின்ன வேலையல்ல. வாங்க வசதி இருந்தால் ஒரு சின்னத் துண்டாவது வாங்குங்கள்.

திரும்பும் வழியில்

ஏ9 வீதி ஓரமெல்லாம் வாசனைத் திரவியத் தோட்டங்கள். ஆட்டோக்காரர் "சும்மா பார்த்துவிட்டுப் போகலாம்" என்று கூப்பிட்டால் போவதும் விடுவதும் உங்கள் விருப்பம். கறுவாவும் ஏலமும் மாத்தளைச் சந்தையில் மலிவு.

பகல் சாப்பாட்டை டவுனில் முடித்துக்கொண்டு முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். 108 அடி ராஜகோபுரம், மாசி மகத்துக்குப் பஞ்சரதம் ஓடும். விகாரையைப் பார்த்த அதே நாளில் இதையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோபுரத்துச் சுதை உருவங்களின் கண், மூக்கு, கையின் வளைவு, அவற்றின் நீலமும் ரோஜாவும் எல்லாவற்றையும் நரகக் குகையில் பார்த்ததோடு வைத்துப் பாருங்கள். இரண்டு சமயம், இரண்டு மொழி, ஆனால் சீமெந்தும் தூரிகையும் பேசும் பாஷை எவ்வளவு கிட்ட வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு நாள் கிடைத்தால்

மாத்தளையில் இரவு தங்கினால் மறுநாள் காலை தம்புள்ளை, 45 கிலோமீற்றர் அளவு. கண்டிப் பக்கமே நிற்பதென்றால் தெகல்தொருவைக் குகை விகாரை, 18ஆம் நூற்றாண்டுக் கண்டி ஓவியத்தின் உச்சம் அதுதான், விதானத்தில் புத்தரைத் தடுக்க வந்த மாரனோடு நடக்கும் போரைப் பார்க்காமல் வராதீர்கள். ஊவாப் பக்கத்து ஆட்களுக்குப் பண்டாரவளை – பதுளை வீதியில் தோவ விகாரை கிட்ட, பாறையில் செதுக்கி முடிக்காமல் விட்ட 38 அடிப் புத்தர் அங்கே.

எதை விட்டாலும் கண்டிக்கு மேற்கே உள்ள மூன்றையும் ஒரு நாளில் சேர்த்துப் பாருங்கள்: கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கை. கடலாதெனியவைக் கட்டியவர் கணேஸ்வராசாரி, கல்லில் தென்னிந்தியக் கோயில் கட்டும் முறை அப்படியே தெரியும். லங்காதிலகவில் பாறைக் கல்வெட்டு சிங்களத்திலும் தமிழிலும் இருக்கிறது. இரண்டும் 14ஆம் நூற்றாண்டு. எம்பக்கையில் மரத்தூண்கள். கடலாதெனியவில் பஸ்ஸால் இறங்கி, வயல் வழியாக மற்ற இரண்டுக்கும் நடந்தே போகலாம், தண்ணீர்ப் போத்தலும் குடையும் மட்டும் மறக்க வேண்டாம்.